விதைக்கிழங்கும் கிழங்கின் பச்சையும்

உருளைக்கிழங்கு வேர் அன்று. மண்ணுக்கடியில் மாவுச்சத்தைச் சேர்த்துவைத்துப் பருத்த தண்டு. அதன் மேலுள்ள ஒவ்வொரு ‘கண்’ணும் ஒரு கணு, அதில் மொட்டுகள் உறங்குகின்றன. தண்டாக இருப்பதால் அதற்கு இரண்டு குணங்கள் வாய்த்திருக்கின்றன. மண்ணில் புதைத்தால் கண்ணிலிருந்து செடி எழும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். அந்தப் பச்சை விதைக்கிழங்குக்கு நல்லது, உண்ணும் கிழங்குக்குக் கேடு.

உருளைச் செடி பூக்கவும் காய்க்கவும் செய்யும். சிறு தக்காளிக்காய் போன்ற அதன் காய் நச்சுத்தன்மை உடையது. காய்க்குள் இருக்கும் விதைகளை விதைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான செடியாகும். ரகம் மாறாமல் இருக்கக் கிழங்கையே நட வேண்டும். அப்படி நடும்போது தாய்ச்செடியின் நோயும் கிழங்கோடு சேர்ந்து வந்துவிடுகிறது. 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான பின்கருகல் நோயின் கிருமி, பருவத்துக்குப் பருவம் உயிரோடு கடந்துவருவது பெரும்பாலும் நோயுற்ற கிழங்குக்குள்ளேதான்.

கண்ணுக்குத் தெரியாத கேடு வைரஸ். இலைச்சுருள் வைரஸும் ஒய் வைரஸும் அசுவினியால் பரவுகின்றன. நோயுற்ற செடியின் கிழங்கு பார்க்க வழவழப்பாக, எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். மறு வருடம் அதிலிருந்து வரும் செடி குன்றிப்போகும். சொந்தக் கிழங்கையே திரும்பத் திரும்ப நடும் வயல்களில் விளைச்சல் ஆண்டுக்காண்டு சரிவதற்கு முதற்காரணம் இதுவே. இதற்கு இந்தியச் சூழலுக்கேற்ற விடையை 1959இல் உருளைக்கிழங்கு ஆய்வாளர் புஷ்கர்நாத் அளித்தார். வட இந்தியச் சமவெளியில் அசுவினி குறைவாக இருக்கும் அக்டோபரில் நட்டு, நூறு கூட்டிலைகளில் இருபது அசுவினி என்ற அளவைத் தொடுமுன் தழையை வெட்டிவிடுவது அந்த முறை. தழை போனபின் வைரஸ் கிழங்குக்கு இறங்க வழியில்லை. மலையில் மட்டுமே நல்ல விதை கிடைக்கும் என்றிருந்த நிலையை இந்த எளிய கணக்கு மாற்றியது. இந்திய வேளாண் ஆய்வின் பெரும் சாதனைகளில் இதற்கு இடம் உண்டு.

நீலகிரியின் கதை வேறு. அங்கு 1961இல் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. பெண் புழு இறந்தபின் அதன் உடலே குண்டூசித் தலை அளவுள்ள கூடாக இறுகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல ஆண்டுகள் மண்ணில் காத்துவைக்கும். கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும், புழு ஊர்விட்டு ஊர் போக. ஆகவே நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளியிடங்களுக்குக் கொண்டுபோக 1971இல் தடை வந்தது. உணவுக்காக விற்கத் தடையில்லை. 2018இல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக்கிழங்குகளுக்கும் இதே காரணத்தால் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா, குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகிய ரகங்கள் நீலகிரியை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை.

எனவே விதைக்கிழங்கைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வி அது எங்கிருந்து வந்தது என்பதே. அளவும் தோற்றமும் அதற்குப் பிறகுதான். சான்று பெற்ற விதைக்கு வேறெதுவும் ஈடாகாது. மூட்டையைப் பிரித்ததும் சில கிழங்குகளைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். வெட்டிய முகத்தில் தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் ஓடி, அழுத்தினால் பால்போன்ற துளிகள் கசிந்தால் அது பாக்டீரியாவால் வரும் பழுப்பு அழுகல். அந்த மூட்டை முழுவதையும் ஒதுக்க வேண்டும். நல்லதைப் பொறுக்கி நடலாம் என்ற எண்ணம் நிலத்தையே கெடுத்துவிடும். சொறி, அந்துப்பூச்சித் துளை, நசுங்கல் உள்ளவையும் கழிக்கப்பட வேண்டியவை.

40 முதல் 50 கிராம் எடையுள்ள முழுக்கிழங்கு நடவுக்கு ஏற்றது. எக்டேருக்கு ஏறக்குறைய மூன்று டன் தேவைப்படும். சாகுபடிச் செலவில் விதைக்கே பெரும்பங்கு போவது இதனால்தான். பெரிய கிழங்கை இரண்டு மூன்று கண்கள் இருக்கும்படி வெட்டியும் நடலாம். ஆனால் கத்தி ஒரு கிழங்கின் நோயை அடுத்ததற்கு ஏற்றிவிடும். வெட்டுமுகம் காய்ந்து தோல்கட்டாமல் ஈரமண்ணில் இட்டால் அழுகும். மலைப்பகுதிகளில் முழுக்கிழங்கே பாதுகாப்பானது.

அறுவடையான கிழங்கு இரண்டு மாதங்களுக்கு மேல் உறங்கும். உறக்கம் கலைந்ததும் முதலில் நுனிக்கண் மட்டும் முளைக்கும். அந்த நிலையில் நட்டால் தண்டுகள் குறைவாகவே வரும். சில வாரம் பொறுத்தால் பல கண்கள் விழிக்கும். அதுவே நடவுக்குரிய பருவம். இன்னும் தள்ளிப்போனால் கிழங்கு சுருங்கி, முளை நூலாகும். கடையில் வாங்கிய கிழங்கை நட்டுவிட்டு முளைக்கவில்லை என்று வருந்துவோர் பலர். முளைப்பைத் தடுக்கும் மருந்து ஏறிய கிடங்குச் சரக்கு விதைக்கு உதவாது. முளைத்தாலும் அதன் நோய் வரலாறு யாருக்கும் தெரியாது.

இருட்டறையில் கிடந்த கிழங்கின் முளை வெளுத்து, நீண்டு, தொட்டால் ஒடியும். நேர்வெயில் படாத மங்கலான வெளிச்சத்தில் தட்டுகளில் பரப்பிய கிழங்கிலோ முளை விரற்கடையைத் தாண்டாமல், தடித்து, பச்சையும் ஊதாவுமாக உறுதியாக நிற்கும். கூடையில் அள்ளினாலும் உதிராது. இந்தச் சேமிப்பில் கிழங்கின் தோலும் பச்சையாகும். அதைக் கண்டு விதையைக் கழிக்கத் தேவையில்லை. பச்சைக் கிழங்கிலிருந்து விளையும் புதுக்கிழங்குகளில் அதனால் நஞ்சு ஏறுவதும் இல்லை.

உணவுக்கிழங்கில் நிலைமை தலைகீழ். பச்சை நிறம் இலைகளில் உள்ள அதே பச்சையம், அதனால் தீங்கில்லை. ஆனால் பச்சையத்தைத் தூண்டும் அதே வெளிச்சம் சோலனின், சாக்கோனின் என்ற இரு நச்சுப்பொருட்களையும் பெருக்குகிறது. பூச்சிகளிடமிருந்து செடி தன்னைக் காக்கச் சுரப்பவை இவை. சோலனின் 1820இல் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது மணத்தக்காளிக்கு மிக நெருங்கிய உறவான செடியின் காயிலிருந்து. சாதாரணக் கிழங்கில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இந்த நஞ்சு இருக்கும். 200 மில்லிகிராம் பொதுவாக ஏற்கப்பட்ட மேல்வரம்பு. முளைகளில் அது 2,000க்கும் மேல். அமெரிக்காவில் 1967இல் வெளியான லெனாப்பே என்ற ரகம், நஞ்சு இயல்பிலேயே மிகுதி எனத் தெரிந்து 1970இல் திரும்பப் பெறப்பட்டது.

உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் உட்கொண்டாலே பாதிப்பு தொடங்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் மதிப்பிட்டது. அதன்படி 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 400 மில்லிகிராம் நஞ்சேறிய கிழங்கில் 50 கிராம் போதும். குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டுவது இதனால்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி ஆகியவை சில மணி நேரத்தில் தோன்றும். கடுமையானால் குழப்பமும் மயக்கமும் வரும். லண்டன் பள்ளி ஒன்றில் 78 மாணவர்கள் நோயுற்று 17 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை 1979இல் வெளியான மருத்துவ அறிக்கை விவரிக்கிறது. முந்தைய பருவத்தில் மிஞ்சிய பழங்கிழங்கு மூட்டையே காரணம். அனைவரும் பிழைத்தனர்.

வேகவைத்தாலும் பொரித்தாலும் இந்த நஞ்சு பெரிதாகக் குறையாது. சமையல் வெப்பத்துக்கு அது அசையாது. நஞ்சின் பெரும்பகுதி தோலிலும் அதையொட்டிய சதையிலும் இருப்பதால், ஓரிடத்தில் லேசாகப் பச்சை தட்டிய கிழங்கைத் தடிமனாகச் சீவி, கண்களையும் முளைகளையும் தோண்டி எறிந்துவிட்டுச் சமைக்கலாம். சதைக்குள்ளும் பச்சை இறங்கியது, பரவலாகப் பச்சையானது, முளைத்துச் சுருங்கியது ஆகியவற்றைத் தூக்கி எறிவதே முறை. சமைத்தபின் கசந்தாலோ தொண்டை எரிந்தாலோ அந்தக் கறியை உண்ணக் கூடாது. அடிபட்ட கிழங்கில் பச்சை இல்லாமலே நஞ்சு கூடியிருக்கலாம். பச்சையானதை மறுபடி இருட்டில் வைத்தால் நிறம் மங்கலாம், நஞ்சு இறங்காது.

பச்சையாவது வயலிலேயே தொடங்கக்கூடும். மழையில் பார் கரைந்து வெளியே தெரியும் கிழங்குகள் வெயிலில் பச்சையாகின்றன. மண் அணைப்பதன் நோக்கங்களில் இதைத் தடுப்பதும் ஒன்று. வீட்டில் காற்றோட்டமுள்ள இருண்ட மூலையும் சாக்குப்பையும் ஏற்றவை. கடைவிளக்கின் கீழ் கண்ணாடிப் பையில் கிடப்பவை சில நாளிலேயே நிறம் மாறும். நடவுக்குப் பின் மிஞ்சும் விதைக்கிழங்கு எக்காரணத்தாலும் அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது. அது பச்சையானது, முளைவிட்டது. பெரும்பாலும் மான்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லியில் நனைக்கப்பட்டதும்கூட. மாட்டுக்கும் போடாமல் அதை ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டும்.