வளையம் தள்ளிப்போன இடம்: போடி மலைச்சரிவில் மண் ஈரத்தை அளத்தல்

பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள மலையின் சார்னோகைட் பாறை உறுதியானது என்பதே திட்டத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். அங்கிருந்து போடிமெட்டுப் பக்கம் ஏறினால் மரநிழலில் ஏலத்தோட்டங்கள்; காலடியில் சருகு, அதன்கீழ் சரளை கலந்த மண். இம்மண்ணின் ஈரத்தை நாம் பிழையாக அளக்கிறோம் என்பதும், பிழை கருவியைவிட மாதிரி எடுக்கும் வழக்கத்தில்தான் அதிகம் என்பதும் என் வாதம்.

மாதிரி எடுப்பவர் எஃகு வளையத்தை அடிக்கிறார். கல்லில் ‘ணங்’ என்று இடிக்கிறது. பிடுங்கி, ஒரு முழம் தள்ளி, கல் இல்லாத இடத்தில் அடிக்கிறார். பிறகு எல்லாம் முறைப்படி நடக்கிறது: எடை, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேர உலர்த்தல், மீண்டும் எடை. ஆனால் வளையம் தள்ளிப்போனபோதே மலையின் ஒரு பகுதி கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.

வேர்மண்டலம் 30 செ.மீ., அதன் கன அளவில் சரளை 30 விழுக்காடு, கல்லிடை மண்ணின் ஈரம் 36 விழுக்காடு என்று கொள்வோம். கல்லை மறந்தால் 108 மி.மீ. நீர் இருப்பதாகத் தெரியும். கல்லைக் கழித்தால் 76 மி.மீ. கூட இல்லை. மேலாக வேரோடும் ஏலச்செடி கோடையில் வறட்சி தாங்காது. இல்லாத 32 மி.மீ.-ஐ நம்பிப் பாசனத்தைத் தள்ளிப்போட்டால் தூர் வாடும்.

சென்சார் ஈரத்தை நேராக அளப்பதில்லை. மண்ணின் மின்காப்பு மாறிலியை அளந்து, ஒரு சமன்பாட்டால் ஈரமாக்கிச் சொல்கிறது. நீருக்கு அது ஏறத்தாழ 80, மண்துகளுக்கு 3 முதல் 5. பெரிதும் கையாளப்படும் டாப் குழுவினரின் 1980ஆம் ஆண்டுச் சமன்பாடு கனிம மண்ணுக்கானது. மக்கு மிகுந்த மண்ணில் அது ஈரத்தைக் குறைத்துக் காட்டும். சரளையில் செருகும்போது கம்பியை ஒட்டி விழும் காற்றிடைவெளியும் அப்படியே. கல்லை மறக்கும் பிழை கூட்டியும் சென்சார் பிழை குறைத்தும் காட்டுவதால் இரண்டும் ஈடாகிவிடும் என நம்ப இடமில்லை. இரண்டின் அளவும் குழிக்குக் குழி மாறும்.

நீர்க்கடத்துதிறனிலும் இதே கதை. ஒன்பது வளையங்களில் மணிக்கு 2 செ.மீ., பழைய வேர்த்துளை அகப்பட்ட பத்தாவதில் 80 என வைப்போம். பத்தாவதைப் பிழையென்று நீக்குவோர் உண்டு. நீக்காதவர்கள் பெருக்கல் சராசரி எடுப்பார்கள். அது 3-ஐத் தொடாது. கூட்டுச் சராசரியோ 10-ஐ நெருங்கும். துளை ஆழம்வரை தொடருமானால், அருகருகே கீழிறங்கும் நீருக்குக் கூட்டுச் சராசரியே பொருந்தும். ஏனெனில் அங்கே ஓட்டங்கள் கூடுகின்றன. ஐப்பசி அடைமழை மண்ணுக்குள் இறங்குமா, சரிவில் வழிந்தோடுமா என்பதை அந்தப் பத்தாவது வளையம்தான் சொல்லும்.

சரளை நிலத்தில் வளையத்தை விட்டுவிட்டுக் குழி முறைக்கு மாறலாம். கல்லோடு சேர்த்துத் தோண்டிய மண் முழுவதையும் எடை போட்டு, 2 மி.மீ. சல்லடையில் கல்லைப் பிரித்து, இரண்டையும் உலர்த்த வேண்டும். குழியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, விளிம்பு வரை பிடிக்கும் நீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால் கன அளவு கிடைக்கும். அதே இடத்தில், தோண்டுமுன் சென்சாரைச் செருகி எடுத்த அளவை இதோடு ஒப்பிட்டால் அந்தத் தோட்டத்துக்கென்றே ஒரு சமன்பாடு எழுதலாம். ஈரம் மிகுந்த ஐப்பசியிலும் காய்ந்த மாசியிலும் இதைச் செய்ய வேண்டும். ஒரு பருவத்துப் புள்ளிகள் கோடு போடப் போதா.