காட்டு ரோட்டில் கார் ராலி நடத்தலாமா? யாரிடம் அனுமதி, என்னென்ன தேவை... முழு விவரம்!

வாசுதேவநல்லூர்:

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடி வட்டாரத்து மண் ரோடுகளைப் பார்த்தால் கார் பிரியர்களுக்கு கை பரபரக்கும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தென்னந்தோப்பும் எலுமிச்சைத் தோட்டமும். வெளிநாட்டில் காட்டுக்குள் கார்கள் புழுதி கிளப்பி சீறிப்பாயும் வீடியோவை செல்போனில் பார்க்கும் இளைஞர்கள், "நம்ம ஊர்லயும் இப்படி ஒண்ணு நடத்தினா என்ன?" என்று கேட்பது சகஜம்தான்.

நடத்தலாமா? நடத்தலாம். ஆனால் நினைத்த இடத்தில், நினைத்தபடி நடத்த முடியாது. நாலு நண்பர்கள் நாலு காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அது ராலி இல்லை, போலீஸ் கேஸ். முறையாக நடத்த என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் வருமாறு:-

ராலியில் இரண்டு வகை

ராலி என்றதும் கட்சிக்காரர்கள் நடத்தும் பேரணி என்று நினைத்துவிடக் கூடாது. இது கார் விளையாட்டு. ஒரு காரில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் டிரைவர். பக்கத்தில் இருப்பவர் வழி சொல்லும் நேவிகேட்டர்.

முதல் வகை, வேக ராலி. ரோட்டை முழுசா அடைத்துவிட்டு, ஒவ்வொரு காராக ஓரிரு நிமிட இடைவெளியில் விடுவார்கள். குறைந்த நேரத்தில் யார் முடிக்கிறாரோ அவருக்கு பரிசு. அப்படி அடைக்கப்பட்ட பகுதிக்கு 'ஸ்பெஷல் ஸ்டேஜ்' என்று பெயர்.

இரண்டாவது வகை, 'டி.எஸ்.டி.' ராலி. நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்குப் பார்க்கும் போட்டி. இதில் வேகமாக போகிறவன் தோற்றுப்போவான் என்பதுதான் வேடிக்கை. உதாரணத்துக்கு, சராசரி வேகம் மணிக்கு 36 கிலோ மீட்டர் என்று கொடுத்திருந்தால், 18 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் செக்போஸ்ட்டுக்கு சரியாக 30 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். காலை 8.10-க்கு புறப்பட்ட கார் 8.40-க்கு வர வேண்டும். லேட்டாக வந்தாலும் பெனால்டி, சீக்கிரம் வந்தாலும் பெனால்டி. சாதாரண கார், சாதாரண லைசென்ஸ், கணக்கு போடத் தெரிந்த ஒரு நண்பர் போதும். சென்னை, மும்பை போன்ற நகரங்களில் பார்வையற்றவர்கள் பிரெயில் எழுத்தில் வழி படித்துச் சொல்ல, மற்றவர்கள் கார் ஓட்டும் ராலிகூட நடந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ராலி நடத்த நினைப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் தோது.

காட்டுக்குள் முடியாது... ஏன்?

பிரிட்டனில் 1960-களின் தொடக்கத்தில் தேசிய ராலிக்கு அரசு காட்டுப் பாதை திறந்துவிடப்பட்டது. பின்லாந்தில் 1951-ல் தொடங்கிய ராலி இன்றும் ஜிவாஸ்கிலா நகரைச் சுற்றியுள்ள காட்டு மண் ரோடுகளில் நடக்கிறது. அந்த நாட்டுக் காடுகளில் பெரும்பகுதி மரம் வெட்டுவதற்காகவே வளர்க்கப்படுபவை. லாரி போக போட்ட ரோட்டில்தான் கார் ஓடுகிறது.

நம்ம காடு அப்படி இல்லை. இது யானைக்காடு. இந்த மலைத்தொடரில்தான் 2015-ம் ஆண்டு நெல்லை வனஉயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் வந்தது. தெற்கே களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது.

வனஉயிரின பாதுகாப்பு சட்டம் 1972-ன்படி சரணாலயத்துக்குள் நுழையவே அனுமதி வேண்டும். ஆராய்ச்சி, போட்டோ எடுத்தல், சுற்றுலா, உள்ளே வசிப்பவர்களுடன் முறையான தொழில் என சில காரணங்களுக்கு மட்டும்தான் அந்த அனுமதி தர சட்டம் வழி செய்கிறது. அந்தப் பட்டியலில் கார் பந்தயம் கிடையாது. மீறினால் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும். 25 ஆயிரமாக இருந்த அபராதத்தை 2022-ல் திருத்தம் கொண்டுவந்து உயர்த்திவிட்டார்கள்.

சரணாலயமாக இல்லாத காப்புக்காடு என்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியை விடுவது அத்துமீறல்தான். சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதையில், வண்டி மோதி விலங்குகள் சாவதைத் தடுக்க 2022 பிப்ரவரியில் சென்னை ஐகோர்ட்டு இரவு போக்குவரத்துக்கே தடை போட்டது. அப்படி இருக்க, காட்டுக்குள் ரேஸ் விட சம்மதிப்பார்களா?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வாசுதேவநல்லூர் தலையணை மாதிரியான மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆடு, மாடு மேய்ப்பவர்கள், தோட்ட வேலைக்கு போகிறவர்கள், பள்ளிக்கூட பிள்ளைகள் எல்லோருக்கும் போக வர ஒரே ரோடு. அதை அரை நாள் அடைத்தால் ஒருத்தருடைய அன்றைய கூலி போய்விடும். சத்தத்துக்கு மிரண்டு யானை தோப்புக்குள் இறங்கினால் விவசாயியின் தென்னங்கன்று போச்சு.

அப்போ எங்கேதான் நடத்துகிறார்கள்?

தோட்டத்தில், தரிசு நிலத்தில். கர்நாடகாவில் சிக்மகளூர் ராலி தனியார் காபி எஸ்டேட்டுக்குள் இருக்கும் மண் ரோட்டில் நடக்கிறது. கோவை ராலிக்கு கேத்தனூர் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே போகும் பாதைகள் பயன்பட்டிருக்கின்றன. காடு மாதிரி தெரியும், ஆனால் காடு இல்லை. உரிமையாளர் எழுத்துப்பூர்வமாக சம்மதம் கொடுத்தால் ரோட்டை அடைப்பதும் சுலபம்.

தென்காசி மாவட்டத்திலும் தனியார் தோப்பு, காலி நிலம் ஏராளம். ஆனால் வனத்துறை எல்லைக்கல்லை ஒட்டிய நிலமாக இருந்தால், பட்டா நிலம்தானே என்று இருந்துவிடாமல் முன்கூட்டியே வனச்சரகரிடம் சொல்லிவிடுவது நல்லது.

யார் யாரிடம் அனுமதி?

1. கார் விளையாட்டுக்கு நாட்டில் தலைமை அமைப்பு, இந்திய மோட்டார் விளையாட்டு கிளப்புகள் கூட்டமைப்பு. 1971-ல் தொடங்கப்பட்டது. வேக ராலி என்றால் இந்த கூட்டமைப்பின் அனுமதியும், ஓட்டுகிறவர்களுக்கு அதன் போட்டி லைசென்சும் வேண்டும். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் போன்ற அனுபவமுள்ள கிளப்பின் ஆலோசனையோடு இறங்குவது உத்தமம்.

2. பொது இடத்தில் வேகப்போட்டி என்றால் மோட்டார் வாகன சட்டம் 189-வது பிரிவுப்படி மாநில அரசின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம். இல்லாவிட்டால் முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். அடுத்த தடவை ஓராண்டு வரை ஜெயில், ரூ.10 ஆயிரம் வரை அபராதம். ஓட்டியவருக்கு மட்டும் இல்லை, ஓட்ட இடம் கொடுத்தவருக்கும் இதே தண்டனைதான்.

3. கலெக்டர், மாவட்ட போலீஸ் சூப்பிரண்டு ஆகியோரிடம் வழித்தட வரைபடத்துடன் மனு கொடுக்க வேண்டும். ரோடு யாருடையது என்று பார்த்து நெடுஞ்சாலைத்துறை, பேரூராட்சி அல்லது ஊராட்சியிடமும் சம்மதம் வாங்க வேண்டும்.

4. டி.எஸ்.டி. ராலியில் வேகம் இல்லை என்றாலும் போலீசுக்கு தகவல் சொல்லாமல் நடத்தக்கூடாது.

இன்சூரன்சில் உஷார்

சாதாரண கார் பாலிசியை எடுத்துப் படித்தால், ரேஸ், வேக சோதனை போன்றவற்றுக்கு வண்டியை பயன்படுத்தினால் இந்த பாலிசி பொருந்தாது என்று எழுதியிருக்கும். ராலியில் வண்டி கவிழ்ந்தால் கம்பெனிக்காரர் கையை விரித்துவிடுவார். கூடுதல் பிரீமியம் கட்டி ராலிக்கு என்று பாலிசியை நீட்டித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதை ஒவ்வொரு கார்க்காரரும் செய்திருக்கிறாரா என்று நடத்துகிறவர் சரிபார்க்க வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் சேர்த்து தனி இன்சூரன்ஸ் எடுப்பது அவசியம்.

உயிர் பறிபோன சம்பவங்கள்

எல்லா அனுமதியும் வாங்கி, பெரிய அளவில் நடந்த போட்டிகளிலேயே உயிர் போயிருக்கிறது.

1986 மார்ச் மாதம் போர்ச்சுகல் ராலியில் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 3 பேர் பலியானார்கள். 30-க்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தனர். 2014 மே மாதம் ஸ்காட்லாந்தில் நடந்த ஜிம் கிளார்க் ராலியில் வேடிக்கை பார்த்த 3 பேர் இறந்தார்கள்.

2019 செப்டம்பர் 21-ந் தேதி ராஜஸ்தான் மாநிலம் பார்மர் மாவட்டத்தில் தேசிய ராலி போட்டி நடந்தது. அடைக்கப்பட்ட ரோட்டில் ஒரு பைக் வந்துவிட்டது. அதில் இருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 3 பேரும் கார் மோதி பலியானார்கள். அது அவர்கள் ஊர் ரோடு.

2024 ஏப்ரல் 21-ந் தேதி இலங்கை தியத்தலாவையில் நடந்த பாக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று கூட்டத்துக்குள் புகுந்து, 8 வயது சிறுமி உள்பட 7 பேர் பலியானார்கள்.

இந்த நான்கு சம்பவங்களிலும் செத்தவர்கள் யாரும் கார் ஓட்டியவர்கள் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பாதுகாப்புக்கு என்னென்ன வேண்டும்?

வேக ராலி காருக்குள் இரும்புக் கூண்டு, பந்தய சீட் பெல்ட், தீயணைக்கும் கருவி, ஓட்டுகிற இருவருக்கும் ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை கட்டாயம்.

ஸ்டேஜ் தொடக்கத்தில் டாக்டருடன் ஆம்புலன்ஸ், மீட்பு வண்டி, தீயணைப்பு வண்டி நிற்க வேண்டும். '108' இருக்கே, கூப்பிட்டா வந்துடும் என்று இருக்கக்கூடாது. அதை எடுத்து நிறுத்தினால் ஊரில் ஒரு பிரசவ கேசுக்கு வண்டி இல்லாமல் போய்விடும். தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்கும், நெல்லை மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் முன்கூட்டியே தகவல் கொடுத்து வைக்க வேண்டும்.

தோப்புக்கு போகும் ஒத்தையடிப் பாதை உள்பட ரோட்டில் சேரும் ஒவ்வொரு பாதையிலும் ஆள் நிற்க வேண்டும். கயிறு கட்டினால் மட்டும் போதாது. மலையடிவாரத்தில் செல்போன் டவர் சரியாக கிடைக்காது. எனவே ஒவ்வொருவர் கையிலும் வயர்லெஸ் வேண்டும். போட்டிக்கு முன்னால் பாதை காலியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கார், கடைசி கார் போன பிறகு துடைத்துக்கொண்டு வர ஒரு கார் விடுவார்கள். அந்த கடைசி கார் வந்து சேரும்வரை ரோட்டை திறக்கக்கூடாது.

வளைவின் வெளிப்பக்கம் ஒருத்தரையும் நிற்கவிடக்கூடாது. கார் கட்டுப்பாட்டை இழந்தால் அந்தப் பக்கம்தான் பாயும். கூட்டம் கலையாவிட்டால் போட்டியை ரத்து செய்யும் தைரியம் நடத்துகிறவருக்கு இருக்க வேண்டும்.

எப்போது நடத்தலாம்?

ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றால சீசன். தென்காசி ரோட்டில் கார் வைக்க இடம் இருக்காது. சங்கரன்கோவில் ஆடித்தபசு நேரமும் ஆகாது. செப்டம்பர் 1-ந் தேதி நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் பிறந்த நாளையொட்டி போலீஸ் கெடுபிடி இருக்கும். கார்த்திகை பிறந்தால் செங்கோட்டை, புளியரை வழியாக சபரிமலை வண்டிகள் வரிசை கட்டும். அடைமழையும் அப்போதுதான். பொங்கல் முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் ரோடு காய்ந்திருக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் காட்டுத்தீ பயம் உள்ள காலம் என்பதால் மலைப்பக்கம் ஒதுங்காமல் கிழக்கே போகும் வழியாக எடுப்பது நல்லது.

வாசுதேவநல்லூரில் தொடங்கி நெற்கட்டும்செவல், சங்கரன்கோவில் சுற்றி திரும்பும்படி ஒரு டி.எஸ்.டி. ராலி போட்டால் அடைக்க ரோடும் வேண்டாம், மிரள யானையும் இல்லை. வழியில் நின்று டீ குடிக்கவும் நேரம் இருக்கும்.

பெற்றோர் கவனத்துக்கு...

18 வயது நிரம்பாத பையன் கையில் கார் சாவியை கொடுத்து அவன் விபத்து செய்தால், வண்டி உரிமையாளர் அல்லது பெற்றோருக்கு 3 ஆண்டு வரை ஜெயிலும், ரூ.25 ஆயிரம் அபராதமும் கிடைக்கும். அஜாக்கிரதையாக ஓட்டி ஒருத்தர் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவுப்படி 5 ஆண்டு வரை ஜெயில். ராலிக்கு பிராக்டீஸ் பண்ணினேன் என்று கோர்ட்டில் சொன்னாலும் எடுபடாது.