நாகோல்ட் நதிக்கரை ஊர்

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் கருங்காடு என்று ஒரு மலைநாடு இருக்கிறது. தேவதாரு மரங்கள் நெருங்கி வளர்ந்து பட்டப்பகலிலும் உள்ளே இருட்டாக இருப்பதால் அந்தப் பெயர். அதன் ஓரத்தில், நாகோல்ட் என்ற சிறு நதி இரண்டு மலைச் சரிவுகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு ஓடும் இடத்தில், கால்வ் என்ற ஊர் அமைந்திருக்கிறது. ஜனத்தொகை சுமார் 24,000. ஆற்றின் மேல் பழைய கல்பாலம் ஒன்று. பாலத்தின் நடுவில், தனியே நிற்கிற பாவனையில், ஒரு சின்னஞ்சிறு கோயில். 1400-ஐ ஒட்டிக் கட்டியது. நீரில் போகிறவர்களைக் காக்கும் புனித நிக்கோலாஸுக்கு உரியது.

இந்தச் சிற்றாற்றில் நீரில் போகிறவர்கள் யார் என்று கேட்கத் தோன்றும். மரம் ஓட்டுகிறவர்கள்தாம். மலையில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகப் பிணைப்பார்கள். ஒரு தெப்பம் நூற்றுக்கணக்கான அடி நீளம் இருக்கும். மேலே அணைபோட்டுத் தேக்கிய தண்ணீரைத் திறந்துவிட்டதும், அந்த வேகத்தில் தெப்பம் பாம்புபோல் வளைந்து பாலத்துக்கு அடியில் நுழைந்து போகும். நாகோல்ட் என்ஸ் நதியில் சேர்கிறது, என்ஸ் நெக்கரில், நெக்கர் ரைனில். ரைன் நதி ஹாலந்து வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஹாலந்துக்காரர்களின் கப்பல்களுக்கும், ஆம்ஸ்டர்டாமின் சேற்று நிலத்தில் வீடுகளைத் தாங்கும் கம்பங்களுக்கும் கருங்காட்டு மரம் போயிற்று.

ஊருக்குப் பணம் வந்தது மரத்தைவிடத் துணியால்தான். 1650-ல் கால்வ் வியாபாரிகளும் சாயக்காரர்களும் கூடி ஒரு கம்பளித் துணிக் கம்பெனி தொடங்கினார்கள். 1797 வரை அது நடந்தது. சுற்றுவட்டாரத்து நெசவாளி நெய்ததை அந்தக் கம்பெனிக்குத்தான் விற்கவேண்டும்; அதுவும் நிர்ணயித்த விலைக்கு. அரசாங்கத்தின் சாசனம் அவர்கள் கையில் இருந்தது. ஊருக்குள் சில குடும்பங்கள் கொழித்தன. நெசவாளிகள் எப்படி இருந்திருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இடையிடையே தீ. 1634-ல், முப்பதாண்டுப் போரின்போது, சக்கரவர்த்தி கட்சிப் படைகள் ஊரைக் கொளுத்தின. அப்போது அங்கே குருவாக இருந்தவர் யோஹான் வாலண்டீன் ஆன்ட்ரேயே. 1619-ல், குறையே இல்லாத ஒரு நகரத்தைக் கற்பனை செய்து புத்தகம் எழுதியவர். அவருடைய புத்தகங்களும் அந்தத் தீயில் போயின. லட்சிய நகரத்தை எழுதினவன் நிஜ நகரம் எரிவதைப் பார்க்க நேர்ந்ததை எண்ணும்போது, எழுதுகிற தொழிலில் இருக்கும் எனக்குக் கொஞ்சம் அச்சமாகவே இருக்கிறது. திரும்பக் கட்டினார்கள். 1692-ல் பிரெஞ்சுப் படை வந்து மறுபடியும் எரித்தது. மறுபடியும் கட்டினார்கள்.

1872-ல் ரயில் வந்தது. தெப்பக்காரர்களின் காலம் அதற்குப் பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. அதே 1872-ல், இந்த ஊர்வாசி ஒருவர் தொகுத்த பெரிய அகராதி மங்களூரில் அச்சாயிற்று. ஜெர்மன் அகராதி அல்ல, மலையாள அகராதி! தொகுத்தவர் ஹெர்மன் குண்டர்ட். 1836-ல் சென்னையில் வந்து இறங்கியவர். முதலில் கற்றது தமிழ். திருநெல்வேலிச் சீமையிலும் சில காலம் இருந்தார். பிறகு தலைச்சேரியில் பல வருஷம். உடம்பு முடியாமல் 1859-ல் ஊர் திரும்பி, கால்வில் ஒரு கிறிஸ்தவப் பதிப்பகத்தை நடத்திக்கொண்டு, 1893-ல் அங்கேயே கண்ணை மூடினார்.

தலைச்சேரியில் 1842-ல் பிறந்த அவருடைய மகள் மரீயின் பிள்ளைதான் ஹெர்மன் ஹெஸ்ஸே. திருலோக சீதாராமின் தமிழில் சித்தார்த்தனைப் படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டாம். 1877-ல் கால்வ் சந்தைச் சதுக்கத்து வீடொன்றில் பிறந்தார். பாலத்தில் நின்று மீன் பிடித்த பையன். படிப்பில் கெட்டிக்காரன் என்பதால் 1891-ல் மௌல்ப்ரான் மடத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். குருவாக வரவேண்டும் என்பது வீட்டார் ஆசை. 1892 மார்ச்சில் பையன் ஓடிவிட்டான். பிடித்துக்கொண்டு வந்தார்கள். வீடு முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்க, தாத்தா குண்டர்ட் மட்டும், மேதைகள் போகிற யாத்திரை போய்விட்டு வந்தாயாமே என்று புன்னகையோடு கேட்டாராம். அகராதி தொகுத்த மனிதருக்குச் சொற்களின் எடை தெரிந்திருக்கிறது. ஆனாலும் அதே வருஷம் பையன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான். பிறகு 1894, 95-ல் கால்விலேயே பெரோ என்பவரின் கோபுரக் கடிகாரப் பட்டறையில் அரம் பிடித்தான். படித்த பையன் பட்டறைக்குப் போவதை ஊர் எப்படிப் பார்த்திருக்கும்!

அதிலிருந்து பிறந்தது 1906-ல் வந்த 'சக்கரத்தின் அடியில்' நாவல். ஹான்ஸ் என்ற கெட்டிக்காரப் பையன். பரீட்சை, மடத்துப் பள்ளி, தலைவலி, தோல்வி, பட்டறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஆற்றில் பிணமாகிறான். தவறி விழுந்தானா, தானே விழுந்தானா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

வேறு கதைகளில் ஊருக்கு கெர்பர்ஸௌ என்று பெயர் வைத்தார். தோல் பதனிடுகிறவர்களை நினைவூட்டும் பெயர் அது. 1911-ல் கீழ்த்திசைக்குக் கப்பலேறி, இலங்கையையும் சிங்கப்பூரையும் சுமத்ராவையும் பார்த்தார். அம்மா பிறந்த மலபாருக்குப் போகவில்லை. சித்தார்த்தன் தோணிக்காரனோடு உட்கார்ந்து கேட்கும் நதியை இந்திய நதி என்கிறார்கள். எனக்கென்னவோ அதில் நாகோல்டின் சத்தமும் கேட்கிறது.

அந்த நாவலின் கடைசிப் பக்கங்களில் ஹான்ஸின் சவ அடக்கம் நடக்கிறது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடுகிறார்கள், ஆசிரியர்களும் வருகிறார்கள். செருப்புத் தைக்கும் கிழவர் ஒருவர் பையனின் தகப்பனாரிடம், அதோ போகிறார்களே, பையனை இந்தக் கதிக்குக் கொண்டுவந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு என்கிறார். தகப்பனாருக்கு அது சரியாக விளங்கவில்லை.

ஹெஸ்ஸே 1946-ல் நோபல் பரிசு பெற்று, 1962-ல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். 2002-ல் கால்வ் அவருக்கு வெண்கலத்தில், ஆளுயரத்துக்கு, ஒரு சிலை வைத்தது. பீடம் இல்லை. பழைய பாலத்தின் மேல், நிக்கோலாஸின் கோயிலுக்குப் பக்கத்தில், நடந்து போகிறவர்களோடு ஒருவராக நிற்கிறார்.