கிபுஞ்சி: ஒரு குரங்குக்குப் பேரினம் கிடைத்த கதை

ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு சொற்களில் அறிவியல் பெயர் உண்டு என்று பள்ளியிலேயே படித்திருப்போம். முதல் சொல் பேரினம். இரண்டும் சேர்ந்தால் இனத்தின் பெயர். சரி, அந்த முதல் சொல்லை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? தான்சானியாவின் கிபுஞ்சி குரங்கின் வரலாற்றைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

2003ஆம் ஆண்டு. ருங்வே மலைப் பகுதி மக்கள், காட்டில் கிபுஞ்சி என்று ஒரு கூச்ச சுபாவமுள்ள குரங்கு இருப்பதாகச் சொன்னார்கள். டிம் டேவன்போர்ட் குழுவினர் தேடிப் போய் அதைப் பார்த்தார்கள். 2004இல், சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, உட்சுங்வா மலையின் இண்டுண்டுலு காட்டில் டிரெவர் ஜோன்ஸும் அதே குரங்கைக் கண்டார். ஒருவர் கண்டது மற்றவருக்கு அப்போது தெரியாது!

இரு குழுவும் சேர்ந்து 2005இல் 'சயின்ஸ்' இதழில் அதைப் புதிய இனமாக அறிவித்தன. மரத்திலேயே வாழ்கிறது, கண் இமை முகத்தைப் போலவே கறுப்பு. இதனால் 'லோஃபோசீபஸ்' என்ற மங்கபே குரங்குகளின் பேரினத்தில் சேர்த்தார்கள். இவ்வளவும் புகைப்படங்களையும் நேரில் பார்த்ததையும் வைத்துத்தான். உடல் மாதிரி எதுவும் கையில் இல்லை.

அதே ஆண்டு ஒரு விவசாயியின் சோளக்காட்டுப் பொறியில் இளம் ஆண் கிபுஞ்சி ஒன்று சிக்கி இறந்தது. அதன் உடல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. மண்டை ஓடு மங்கபே மாதிரி இருந்தது. டி.என்.ஏ.வோ பபூன்தான் நெருங்கிய சொந்தம் என்றது!

இங்கே பேரினத்துக்கான அடிப்படை விதியைக் கவனியுங்கள். ஒரு பேரினத்தில் இருப்பவை எல்லாம் ஒரே மூதாதையின் வாரிசுகளாக இருக்க வேண்டும். அந்த வாரிசுகளில் யாரையும் வெளியே விடவும் கூடாது. பபூனுக்கு நெருக்கமான கிபுஞ்சியை மங்கபேயோடு வைத்தால் இந்த விதி உடைந்துவிடும். பபூன் பேரினத்தில் சேர்க்கலாமா என்றால், உருவத்திலும் வாழ்க்கை முறையிலும் அது பபூனே இல்லை. ஆகவே 2006இல் 'ருங்வேசீபஸ்' என்ற புதிய பேரினத்தை உண்டாக்கினார்கள். ஆப்பிரிக்கக் குரங்குகளில் 1923க்குப் பிறகு வந்த முதல் புதிய பேரினம் இது.

கதை அதோடு முடியவில்லை. ருங்வே பகுதிக் கிபுஞ்சியின் தாய்வழி டி.என்.ஏ., மஞ்சள் பபூன்களின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே அடங்குகிறது என்று 2009இல் வந்த ஆய்வுகள் காட்டின. அப்படியானால் அது பபூனேதானா? இண்டுண்டுலு கிபுஞ்சியின் டி.என்.ஏ.வை 2010இல் ஆராய்ந்தபோது அது பபூன்களுக்குள் அடங்காமல் தனியாக நின்றது. எப்போதோ ருங்வே கிபுஞ்சிகளோடு பபூன் கலந்திருக்கிறது. அதன் தடயம்தான் தாய்வழி டி.என்.ஏ.வில் தங்கிவிட்டது என்று விளக்கினார்கள். புதிய பேரினம் தப்பித்தது.

ஆக, பேரினம் என்பது காட்டில் கண்டெடுக்கும் பொருள் அல்ல. எலும்பு, டி.என்.ஏ., வாழ்க்கை முறை எல்லாவற்றையும் எடைபோட்டு மனிதர்கள் எடுக்கும் முடிவு. புதிய ஆதாரம் வந்தால் அது மாறும்.

ஆனால் மாற்ற முடியாத ஒன்றும் உண்டு. 2008இல் வெளியான கணக்கெடுப்பில் இருந்த கிபுஞ்சிகள் வெறும் 1,117. அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே. இது அழிந்தால் ஒரு கிளையே முறிந்துபோகும். பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். குரங்கை அப்படித் திரும்பக் கொண்டுவர முடியாது.