சேராமல் ஒலிக்கும் இசை: 'ஏசிங்க்' பிறந்த கதை

2014 ஜூலையில் ரியூச்சி சகமோட்டோ தமக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்திருப்பதாக அறிவித்தார். அப்போது அவருக்கு 62 வயது. நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டுச் சிகிச்சையில் இறங்கினார். அந்த ஆண்டு ஒரு தனி ஆல்பம் செய்வதாக இருந்தார். அதற்கான யோசனைகளும் சேர்ந்திருந்தன. உடம்பு தேறியதும் அவற்றைத் தூசி தட்டி எடுத்துத் தொடர்ந்திருக்கலாம். அவர் தொடரவில்லை. எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு வெற்றுத் தாளிலிருந்து ஆரம்பித்தார். 2017 மார்ச் 29 அன்று ஜப்பானில் வெளியான 'ஏசிங்க்' அப்படிப் பிறந்தது. 2009இல் வந்த 'அவுட் ஆஃப் நாய்ஸ்' ஆல்பத்துக்குப் பிறகு, எட்டு ஆண்டு இடைவெளியில் வந்த தனி ஆல்பம்.

இந்த முடிவு எவ்வளவு பெரியது என்று விளங்க அவருடைய முன்கதை தெரிய வேண்டும். 1978இல் ஹருவோமி ஹொசோனோ, யுகிஹிரோ தக்கஹாஷி இருவரோடும் சேர்ந்து 'யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா' குழுவைத் தொடங்கியவர் சகமோட்டோ. எலெக்ட்ரானிக் இசையின் போக்கைத் திருப்பிய குழுக்களில் அது ஒன்று. அவர்கள் நம்பியிருந்த கருவி ரோலண்ட் எம்.சி.-8 என்ற சீக்வென்சர். அதில் ஸ்வரத்தை வாசித்துப் பதியும் வழக்கமில்லை. எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், அடுத்தது எப்போது என்று எல்லாவற்றையும் எண்களாக மாற்றி, எண் விசைகளில் ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் இம்மி பிசகாமல் ஒலிக்கும். டிரம்ஸ் வாசித்த தக்கஹாஷி, ஹெட்ஃபோனில் ஓடும் 'க்ளிக்' சத்தத்துக்குத் தம் கைகளை ஒப்புக்கொடுத்துத்தான் மேடையில் வாசித்தார். இன்றைய டெக்னோவும் ஹிப் ஹாப்பும் நம் சினிமாப் பாட்டின் பெரும்பகுதியும் அந்தப் பிசகாத கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

அதன் பிறகு சினிமா. 'மெர்ரி கிறிஸ்துமஸ், மிஸ்டர் லாரன்ஸ்', ஆஸ்கர் வாங்கித் தந்த 'தி லாஸ்ட் எம்பரர்' என்று பெரிய படங்கள். திரையிசையும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதுதான். காட்சி எங்கே வெட்டப்படுகிறதோ அங்கே இசை தயாராக நின்றாக வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில்கூட 'தி ரெவனன்ட்' படத்துக்காக இயக்குநர் இன்யாரிட்டு கூப்பிட்டார்; இவரால் மறுக்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் ஒன்று யந்திரத்தின் நேரத்துக்கு, இல்லையென்றால் இன்னொருவருடைய படத்தின் நேரத்துக்கு வேலை செய்த மனிதர் அவர்.

2016இல் 'ஏசிங்க்' வேலையைத் தொடங்கியபோது அந்த இரண்டையும் அவர் விட்டார். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி எடுக்காத ஒரு படத்துக்குத் தாம் இசையமைப்பதாக வைத்துக்கொண்டார். படமே இல்லாததால் எந்தக் காட்சிக்கும் பொருந்தத் தேவையில்லை. அடுத்து, சேர்ந்து ஒலிப்பது என்ற கட்டாயத்தையும் எடுத்துவிட்டார். உலகத்து இசையெல்லாம் ஒன்றுசேரவே விரும்புகிறது, சேராமல் தனித்தனி வேகத்தில் போகும் இசை எப்படி இருக்கும் என்று யோசித்தார். ஆல்பத்தின் பெயரும் அதைத்தான் சொல்கிறது. அதே பெயர் கொண்ட பாட்டில் நரம்பு வாத்தியங்களை வில்லால் இழைக்காமல் விரலால் சுண்டுகிறார்கள். ஒரு சுண்டலும் இன்னொன்றோடு சேராது. முதல் தடவை கேட்கும்போது குழப்பமாகத்தான் இருக்கும். ஓடு வேய்ந்த வீட்டில் மழை பிடிக்கும் நேரத்தை நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். அதில் எந்தத் துளியும் இன்னொரு துளியைக் கேட்டு விழுவதில்லை.

மழை என்றதும் நினைவு வருகிறது. ஸ்டீவன் நொமுரா ஷிப்லே எடுத்த 'ரியூச்சி சகமோட்டோ: கோடா' ஆவணப்படத்தில் ஒரு காட்சி. மழையில் அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறார். துளிகள் வாளியில் விழும் சத்தத்தை உள்ளிருந்து கேட்கிறார். முகத்தில் அப்படி ஒரு குதூகலம். இன்னொரு இடத்தில் சிம்பலை வயலின் வில்லால் இழுக்கிறார். காபிக் கோப்பையால் அதன் விளிம்பை உரசுகிறார். உலோகம் நீளமாக முனகுகிறது. ஆல்பத்தில் இப்படிப் பிடித்த ஒலிகளும் பியானோவும் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. 'வாக்கர்' பாட்டில் சருகின் மேல் யாரோ நடக்கும் சத்தம்தான் பிரதானம். 'ஹோன்ஜ்' பாட்டில் ஷமிசென் என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியம். 'ட்ரை' என்றால் முக்கோணக் கம்பிகள் மட்டுமே. சிற்பங்களாகவே செய்த வாத்தியங்களையும் அவர் விடவில்லை. பாஷே சகோதரர்கள் செய்த உலோக ஒலிச் சிற்பங்களைத் தேடிப்போய்த் தட்டியும் தடவியும் பதிவுசெய்தார்.

ஆனால் இந்த ஆல்பத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஒரு பியானோவில் என்பேன். 2011 மார்ச் 11 சுனாமியில் மூழ்கிய பியானோ அது. மியாகி மாநிலத்தின் நத்தோரி நகரில் உள்ள வேளாண் உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்தது. சுனாமி பாதித்த பகுதிப் பள்ளிகளின் வாத்தியங்களைப் பழுதுபார்க்க நிதி திரட்டி உதவியவர் சகமோட்டோ. பழுதுபார்க்க வழியில்லாமல் போன இந்தப் பியானோவை அவர் போய்ப் பார்த்தார், வாசித்தும் பார்த்தார்.

ஒரு பெரிய பியானோவில் இருநூற்றுக்கு மேற்பட்ட கம்பிகள். அவை அத்தனையும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 20 டன். மரத்தை அச்சில் வைத்து அழுத்தி, பல மாதம் வளைத்து, இரும்புச் சட்டத்தைப் பொருத்தினால்தான் அந்த இழுவையைத் தாங்கும். அதன் பிறகும் மரம் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், கம்பி தளரும். ஆள் வந்து முறுக்கிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கடல்நீர் உள்ளே புகுந்தால் கம்பி துருவேறும், சுத்தியலின் கம்பளி இறுகும், பலகை விலகும். ஒவ்வொரு கட்டையும் தன் போக்கில் ஒரு சுருதிக்குப் போய்விடும்.

முதலில் அது அவருக்குப் பியானோவின் பிணமாகவே பட்டதாம். நாளாக ஆக எண்ணம் மாறியது. சுருதி கலைந்தது என்று நாம் சொல்கிறோமே, அது மனிதனின் கணக்குப்படிதானே? பலவந்தமாக வளைத்த மரமும் முறுக்கிய கம்பியும் தங்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கின்றன. இயற்கை இதற்குத் தன் சுருதியைச் சேர்த்திருக்கிறது என்று அவர் எண்ணலானார். 'ஸூரே' பாட்டில் கேட்பது அந்தப் பியானோவைத்தான். எண்களைத் தட்டி ஏற்றி ஒலியை அடைத்து வைத்த இளைஞன், அறுபதுகளில் கடல் கலைத்த பியானோ முன்னால் உட்கார்ந்து அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறான். நோய்க்குப் பிந்திய மாற்றம் இது என்று சொல்வது எளிது. என் பார்வையில், பெரிய கலைஞர்களில்கூடச் சிலரே கடந்த தூரம் இது.

உள்முகமான ஆல்பம் என்று இதைச் சொல்வதற்கு 'ஃபுல்மூன்' ஒன்றே போதும். இயக்குநர் பெர்டோலூச்சியின் 'தி ஷெல்டரிங் ஸ்கை' படத்துக்கு 1990இல் சகமோட்டோ இசையமைத்தார். மூல நாவலை எழுதிய பால் பௌல்ஸ் அந்தப் படத்தின் முடிவில் தாமே தோன்றிப் பேசுகிறார். முழு நிலவை இன்னும் எத்தனை முறை பார்க்கப்போகிறோம் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் எல்லாம் முடிவற்றதாகவே நமக்குப் படுகிறது என்பது அந்தப் பேச்சின் சாரம். பௌல்ஸ் 1999இல் காலமானார். அந்தக் குரலைச் சகமோட்டோ திரும்ப எடுத்தார். பிறகு அதே வரிகளைப் பலர் தத்தம் மொழியில் படிக்க, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். இத்தாலிய மொழியில் படித்தவர் பெர்டோலூச்சியே. படத்துக்காக இசையமைத்தபோது 38 வயது ஆளுக்கு அந்தப் பேச்சு ஒரு வசனம். மருத்துவமனையிலிருந்து திரும்பியவருக்கு அது வேறு.

முடித்த ஆல்பத்தை அவர் வெளியிட்ட விதமும் வழக்கத்துக்கு மாறானது. இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று, அதனால் யாருக்கும் கேட்கக் கொடுக்க மனமில்லை என்றார். விளம்பரப் பேச்சாகத் தோன்றும். ஆனால் ஜப்பானில் பத்திரிகைகளுக்கு முன்பிரதி உண்மையிலேயே போகவில்லை; விமரிசகரும் ரசிகரும் ஒரே நாளில்தான் கேட்டார்கள். ஏப்ரல் 28இல் மற்ற நாடுகளுக்கும் வந்தது. 'மிஸ்டர் லாரன்ஸ்' மாதிரி ஒரு மெலடிக்காக வந்தவர்களுக்கு இது எளிதான ஆல்பம் இல்லை. ஆனாலும் விமரிசகர்கள் பெரிதும் பாராட்டினார்கள். அவருடைய தலைசிறந்த வேலைகளில் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது.

யாருக்கும் கொடுக்க மனமில்லை என்றவர், வெளியிட்ட பிறகு அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார். டோக்கியோவின் வத்தாரி-உம் காட்சியகத்தில் அந்த வசந்தத்தில் இந்த இசை அறைகளில் குடியேறியது. தாய்லாந்து இயக்குநர் அபிச்சாட்போங் வீரசேதகுல் சிறு கேமராக்களை நண்பர்களிடம் கொடுத்து எடுத்த காட்சிகளால் இந்த இசைக்கு ஒரு குறும்படம் செய்தார். நியூயார்க்கின் பார்க் அவென்யூ ஆர்மரியில் ஏப்ரல் 25, 26 இரவுகளில் சகமோட்டோ ஆல்பத்தை நேரில் வாசித்தார். ஓர் இரவுக்கு 100 பேர் மட்டும். ஆல்பத்தின் பாட்டுகளை வேறு கலைஞர்கள் தங்கள் கைப்பக்குவத்தில் மறுபடி செய்த 'ஏசிங்க் ரீமாடல்ஸ்' அந்த டிசம்பரில் ஜப்பானில் வந்தது. ஆல்வா நோட்டோ, ஆர்கா, ஃபெனஸ், கொர்னீலியஸ் என்று பெரிய பெயர்கள். 'சொலாரி'யை எடுத்துக்கொண்டவர் ஐஸ்லாந்தின் யோஹான் யோஹான்ஸன். அவர் 2018 பிப்ரவரியில் 48 வயதில் இறந்துபோனார்.

'ஏசிங்க்' பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மரணத்தைத்தான் பேசுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. மரணத்தின் நிழல் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் வாளிக்குள் தலையை விட்டு மழை கேட்ட ஆள் செய்த ஆல்பம் இது. அதில் துயரத்தைவிட ஆசை அதிகம்; இன்னும் ஒரு சத்தம், இன்னும் ஒரு சத்தம் என்று தேடும் ஆசை. 2020இல் மறுபடி புற்றுநோய் வந்து, பெரிய அறுவைசிகிச்சை முடிந்த பிறகும் அந்த ஆசை ஓயவில்லை. சிந்தசைசர் முன் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதுவதுபோல அவ்வப்போது பதிவுசெய்தவற்றில் 12ஐத் தேர்ந்தெடுத்து, தேதிகளையே தலைப்பாக வைத்து, 71ஆவது பிறந்தநாளான 2023 ஜனவரி 17இல் '12' என்று வெளியிட்டார். அவற்றில் அவர் மூச்சுவிடும் சத்தமும் கேட்கும். அதே ஆண்டு மார்ச் 28இல் காலமானார்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள். இதில் பாதி ஒலிகள் அதில் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். முதல் பாட்டான 'அந்தாத்தா'வில் தொடங்குங்கள். எளிமையான ஒரு பியானோ மெட்டு, அதே மெட்டு பிறகு ஆர்கனில், அடியில் மெல்ல ஏறிவரும் இரைச்சல். அந்த இரைச்சல் தொந்தரவாகப் படாமல் இசையாகவே கேட்கத் தொடங்கிவிட்டால், மீதி 13 பாட்டுகளுக்கும் நீங்கள் தயார். எதையும் தாண்டிப் போகாமல் வரிசையாகக் கேளுங்கள். மொத்தம் ஒரு மணி நேரம்தான்.