வெளுப்பும் தண்ணீரும்: சலவைத் தொழிலின் வரலாறு

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, மணிமுத்தாற்றோடும் வெள்ளாற்றோடும் கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் துணி தேடி வந்திறங்கிய துறை அது. நெசவாளரைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். தறியிலிருந்து இறங்கிய காடாத் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களுக்கு அரைப்பக்கம் கிடைப்பதே அரிது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வெளுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் சென்னையின் வண்ணாரப்பேட்டை.

பருத்திக்கு இயல்பிலேயே ஒரு பழுப்பு உண்டு. அதோடு நாரின் மெழுகும் பாவுக்குப் போட்ட கஞ்சியும். இவை கழன்றால்தான் வெளுப்பு பிடிக்கும். துணியை உவர்மண் கரைத்த நீரில் முக்கிப் பிழிந்து, வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி இரவெல்லாம் ஆவியில் வேகவிடுவார்கள். விடிந்ததும் கல்லில் அடித்து அலசி, ஆற்றுமணலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளிப்பார்கள். ஈரத்தோடு வெயில் பட்டால்தான் பழுப்பு சீக்கிரம் போகும். ஒரே நாளில் முடிகிற வேலையல்ல.

ஐரோப்பாவிலும் புல்வெளியில் விரித்து மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 1774-இல் வேதியியலாளர் ஷீலே குளோரினைக் கண்டறிந்தார்; 1785-இல் இன்னொரு வேதியியலாளரான பெர்தோலே அதைக்கொண்டு துணி வெளுக்கலாம் என்று காட்டினார். 1799-இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கினார். மாதங்கள் நாட்களாகச் சுருங்கின.

அந்தப் பவுடர் நம் ஊரில் என்ன செய்தது என்பதைத் திருப்பூரில்தான் பார்க்க வேண்டும். பனியன் தொழில் வளர வளர, நொய்யல் ஆற்றங்கரையில் சாய, சலவைப் பட்டறைகள் பெருகின. சிமெண்டுத் தொட்டியில் பவுடரைக் கரைத்து, துணியை ஊறவைத்து, அமிலத்தில் போட்டு எடுத்து, அலசு அலசென்று அலசுவார்கள். துணியில் நிற்கக் கூடாத உப்பெல்லாம் ஆற்றுக்குப் போனது. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே போராடினார்கள். இப்படியொரு கோரிக்கையை வேறெந்த அணைக்கட்டு கேட்டிருக்கும்? 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கிய பல ஆலைகளில் இன்று வெளுப்புக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வந்துவிட்டது. அது சிதைந்தால் நீரும் ஆக்சிஜனும்தான் மிஞ்சும். ஆனால் சாயமேற்ற உப்பு வேண்டியிருக்கிறதே. அந்த உப்பு ஆற்றில் சேராதிருக்க, கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைத்து, தண்ணீரையும் உப்பையும் மீட்கிறார்கள். மீட்க முடியாத கலப்பு உப்பு, கொட்ட இடமில்லாமல் மூட்டை மூட்டையாக ஆலைக் கொட்டகைகளில் ஏறிக்கொண்டே போகிறது.