கேமராவோட முதுகு: 1858 மதுரையிலிருந்து ராஸ்பெர்ரி பை வரை

"தாத்தாவோட ஃபிலிம் கேமரா ஒண்ணு வீட்டுல சும்மா கிடக்கு, அதை டிஜிட்டலா மாத்த முடியுமா?" இந்தக் கேள்வி நமக்கு அடிக்கடி வருது. எஞ்சினியரிங் படிச்சவன்னு தெரிஞ்சா போதும், மிக்ஸி ரிப்பேர்ல ஆரம்பிச்சு எல்லாம் நம்ம தலையிலதான். ஒரு வரியில பதில் வேணும்னா: முடியும். ஆனா அது ஏன் இவ்வளவு படுத்துதுன்னு புரியணும்னா 1858க்குப் போகணும். எந்த ஊருக்கு? நம்ம மதுரைக்கேதான்.

அந்த வருஷ ஆரம்பத்துல லின்னேயஸ் டிரைப்னு ஒரு ராணுவ கேப்டன் இங்க வந்தார். மதராஸ் மாகாண அரசோட போட்டோகிராஃபர். மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம் எல்லாத்தையும் படம் பிடிச்சு, அதே வருஷம் மதுரைக்குன்னே தனித் தொகுப்பா வெளியிட்டாங்க. அவரோட கேமரா ஒரு பெரிய மரப்பெட்டி. முன்னாடி லென்ஸ், பின்னாடி ஒரு மங்கல் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில கோபுரம் தலைகீழா விழும். அதைப் பார்த்து ஃபோகஸ் பண்ணிட்டு, கண்ணாடியை எடுத்துட்டு, அதே இடத்துல மெழுகு தடவி ரசாயனம் ஏத்தின காகிதத்தை வைப்பாங்க. அந்தக் காகிதம்தான் நெகட்டிவ். ஒவ்வொண்ணும் ஒரு அடிக்கு மேல அகலம். வானம் வெறுமையா வந்தா நெகட்டிவ் மேல பெயிண்ட் அடிச்சு மேகம் வரைஞ்சிருக்கார் மனுஷன். ஃபோட்டோஷாப் நேத்து வந்த சமாச்சாரம் இல்லை.

இதுல நான் கவனிக்கச் சொல்றது ஒரே விஷயம்தான். பெட்டியும் லென்ஸும் அப்படியே இருக்கும், பின்பக்கம் மட்டும் மாறும். முதல்ல காகிதம், அப்புறம் கண்ணாடித் தகடு, அப்புறம் ஷீட் ஃபிலிம். நம்ம பாஷையில சொன்னா, முன்பக்கம் ஒரு இன்டர்ஃபேஸ், பின்னாடி எந்த இம்ப்ளிமென்டேஷன் வேணும்னாலும் சொருகிக்கலாம். ஸ்டுடியோக்கள்ல பல வருஷம் இருந்த அந்தக் கறுப்புத் துணி போர்த்தின கேமராவும் இந்த ஜாதிதான்.

இந்தக் கதவை மூடினது 35 எம்எம் கேமரா. ஃபிலிம் சுருள், ஸ்பூல், பின்மூடி எல்லாம் ஒரே உடம்புக்குள்ள இறுக்கமா அடைஞ்சிருக்கும். ஃபிலிம் நிக்கிற தளத்துல ஒரு மில்லிமீட்டர்ல சின்னப் பங்கு நகர்ந்தாலே ஃபோகஸ் போயிடும். ஃபிலிம் மெல்லிசு. சென்சாரோ அப்படி இல்லை: அது மேல ஒரு கண்ணாடி, கீழ ஒரு சர்க்யூட் போர்டு, அதுக்குப் பின்னாடி பேட்டரி, மெமரி. இத்தனையையும் எங்க வைக்கிறது?

1975ல கோடாக்ல ஸ்டீவன் சாஸன்னு ஒரு 25 வயசு எஞ்சினியர் இந்தப் பிரச்சினைக்குள்ளயே போகலை. மூவி கேமரா லென்ஸ் ஒண்ணு, 100க்கு 100 பிக்ஸல்ல ஒரு சிசிடி, 16 பேட்டரி, பதிவு பண்ண ஒரு கேசட் டெக். எல்லாத்தையும் சேர்த்து ஒரு தனி டப்பாவே கட்டிட்டார். எடை மூணரைக் கிலோவுக்கு மேல, ஒரு படம் கேசட்ல ஏற 23 செகண்ட். 1991ல அதே கோடாக் நிக்கான் எஃப்3 உடம்புக்கு டிஜிட்டல் முதுகு மாட்டி வித்தது: 1.3 மெகாபிக்ஸல், ஹார்ட் டிஸ்க்கைத் தனிப் பையா தோள்ல தொங்கப் போட்டுக்கணும், விலை 20,000 டாலருக்குக் குறையாது. 1998ல இன்னொரு கம்பெனி, பின்னாடி சிலிக்கான் ஃபிலிம்னு பேர் வச்சுக்கிட்டது, ஃபிலிம் ரோல் மாதிரியே ஒண்ணு வரும், கேமராவுக்குள்ள போட்டுக்கலாம்னு அறிவிச்சது. 2001ல மூடிட்டாங்க. பொருள் கடைக்கே வரலை.

கம்பெனிகள் கைவிட்ட வேலையை இப்ப வீட்டுல செய்யறாங்க. 2020ல வந்த ராஸ்பெர்ரி பை எச்கியூ கேமரா, 12.3 மெகாபிக்ஸல். அதோட லென்ஸ் மவுண்ட்டைக் கழட்டிட்டு, 3டி பிரின்ட் பண்ண ஒரு பின்மூடியில பொருத்தி, சென்சார் சரியா ஃபிலிம் தளத்துல வர்ற மாதிரி வைக்கணும். ஷட்டர் எப்ப திறக்குதுன்னு சென்சாருக்குத் தெரியாது. அதுக்கு ஃபிளாஷ் கனெக்‌ஷன்ல இருந்து ஒரு வயர் இழுக்கலாம். இல்லைன்னா ஷட்டரை 'பி'யில திறந்தே வச்சுட்டு எலக்ட்ரானிக்கா சமாளிக்கலாம். பிளான் அழகுதான்.

ஆனா கணக்கு இடிக்கும். ஃபிலிம் ஃபிரேம் 36க்கு 24 மில்லிமீட்டர். இந்த சென்சார் சுமாரா 6.3க்கு 4.7. பரப்புல கிட்டத்தட்ட 29ல ஒரு பங்கு. உங்க 50 எம்எம் லென்ஸ் 275 எம்எம் மாதிரி நடந்துக்கும். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. ஃபிலிம்ல அது முழுசா வர 70 மீட்டர் தள்ளி நின்னா போதும். இந்த முதுகை மாட்டினா 400 மீட்டர் போகணும். நடுவுல எத்தனை மொட்டை மாடி, எத்தனை போர்டுன்னு யோசிச்சுக்கோங்க. அக்ஃபா கிளிக் மாதிரி சதுரப் படம் எடுக்கிற கேமரான்னா இன்னும் மோசம், ஃபிரேம் 100 மடங்குக்கு மேல பெரிசு.

இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. ஃபிலிம் இருந்த இடத்துல மங்கல் கண்ணாடி வச்சு, அதுல விழுற படத்தைப் பின்னாடியிருந்து ஒரு குட்டி சென்சார் படம் எடுக்கும். 'ஐ'ம் பேக்'னு கிக்ஸ்டார்ட்டர்ல பணம் திரட்டின ஒரு முதுகு ஆரம்பத்துல இப்படித்தான் வேலை செஞ்சது. அதாவது சுத்தி வளைச்சு டிரைப்போட கண்ணாடிக்கே வந்துட்டோம்! படம் கொஞ்சம் சொரசொரப்பா, ஓரம் இருட்டா வரும். எனக்கு அது பிடிக்கும்.

அப்ப ஃபிலிமே வாங்கிக்கலாமேன்னு கேட்டா, ஒரு காலத்துல அது நம்ம மாநிலத்துலயே தயாராச்சு. ஊட்டியில ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967ல உற்பத்தி ஆரம்பம், பிராண்ட் பேர் 'இந்து'. 90களின் நடுவுலயே நலிஞ்சு, அப்புறம் நின்னே போச்சு. இன்னைக்கு ஒரு ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் பண்ற செலவுல நல்ல பிரியாணி ரெண்டு பேருக்கு வரும்.

இவ்வளவு பேசிட்டு நான் உங்களை முதுகு கட்டச் சொல்லப் போறதில்லை. கேமரா இரும்பு, பித்தளை, கண்ணாடி. பூஞ்சை வராம பாத்துக்கிட்டா இன்னும் 20 வருஷம் காத்திருக்கும். காத்திருக்காதது அதுக்குள்ள ஓடின ஃபிலிம். சிம்மக்கல்ல, டவுன் ஹால் ரோட்டுல, நம்ம ஊர் ஸ்டுடியோக்கள்ல டப்பா டப்பாவா கிடந்த நெகட்டிவ்கள் பெரும்பாலும் அசிடேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தா அது மக்கி அசிட்டிக் ஆசிட் விடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிச்சா ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். பக்கத்து ஃபிலிமுக்கும் பரவும். மதுரை வெயிலைப் பத்தி நான் சொல்லவா வேணும்? பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரிட்டிஷ் லைப்ரரியும் சேர்ந்து தமிழ் ஸ்டுடியோ படங்களை டிஜிட்டல் ஆக்கினாங்க. ஆனா எல்லா வீட்டு அலமாரிக்கும் ஒரு நிறுவனம் வராது.

நீங்க வாங்க நினைச்ச அதே ராஸ்பெர்ரி பை சென்சார் இதுக்கும் போதும். இங்க சென்சார் சின்னதா இருக்கிறது தொந்தரவே இல்லை. அதுக்குன்னு இருக்கிற லென்ஸ் முழு நெகட்டிவையும் சுருக்கி அதுக்குள்ள கொண்டு வந்துடும். வெள்ளை ஸ்கிரீன் போட்ட பழைய டேப்லெட்டைக் கீழ வைங்க. அதுல இருந்து ரெண்டு இஞ்ச் உயரத்துல நெகட்டிவ், இல்லைன்னா ஸ்கிரீனோட பிக்ஸல் எல்லாம் படத்துல தெரியும். ஃபிலிமை ஓரத்துல மட்டும் பிடிங்க. வாடை அடிக்கிற டப்பாவை முதல்ல எடுங்க.